துத்தநாக விரல்

அஞ்சுவுக்கு மூன்று வயது முடிந்தும் நடை வரவில்லை. நிற்கவைத்தால் இரண்டு கால்களும் வில்லாக வளையும். ஓர் எட்டு வைத்ததும் உட்கார்ந்து அழுவாள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது உதிர்ந்த தலைமுடி திரும்ப முளைக்கவேயில்லை. அவள் அம்மா இசக்கிசெல்வி மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவளுக்கு ஒரே யோசனைதான் சொன்னார்கள்.

"குட்டியை வெயில் கொள்ளிக்கணும் செல்வி," என்றாள் அங்கன்வாடி டீச்சர் கமலாக்ஷி. "வைட்டமின் டி குறைவுதான் இது."

பிள்ளைக்கு ஒரு வயதானதிலிருந்தே செல்வி தினமும் காலையில் கிடங்கு வாசலில் இஞ்சி காயும் பாய்க்குப் பக்கத்தில் வெயிலில் அவளை உட்காரவைத்தாள். தெருமுனை டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்தை ஒரு நாள் விடாமல் புகட்டினாள். இரண்டு வருஷமாகியும் கால் நிமிரவில்லை. "மருந்தை ஒழுங்கா கொடுத்திருந்தா இப்படி இருக்காது," என்றார் அந்த டாக்டர், தலையைத் தூக்காமலே. வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அவள் புருஷன் மாரிச்செல்வம் அதையே பிடித்துக்கொண்டான்.

"வேலை மும்முரத்துல மறந்திருப்ப."

"ஒரு நாளும் மறக்கல."

"பொறவு எப்படி?"

நாளாக ஆக அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காலிக் குப்பிகளைத் தூர எறியாமல் சேர்த்துவைத்தாள், யாராவது கேட்டால் காட்டலாம் என்று.

கடைசியில் கமலாக்ஷிதான் விசாரித்து, எறணாகுளத்தில் ஸ்வர்ணலதா என்ற டாக்டரிடம் அனுப்பினாள். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். குப்பிகளைப் பார்த்தார். பிள்ளையின் ரத்தத்தில் வைட்டமின் அளவு பார்க்கச் சொல்லி, மூன்று பேரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"மோளோட ரத்தத்துல வைட்டமின் குறைவே இல்ல. சாதாரணமா இருக்கறதைவிடப் பல மடங்கு இருக்கு. நீங்க கொடுத்ததெல்லாம் சரியாத்தான் உள்ள போயிருக்கு."

செல்வி மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். மாரிச்செல்வம் தரையைப் பார்த்தான்.

டாக்டர் ஒரு தாளில் வரைந்தார். "வைட்டமின் தானா வேலை செய்யாது. செல்லோட உட்கருவுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. ஏற்பின்னு பேரு. நானூத்திச் சொச்சம் மணி கோத்த மாலை சுருண்டு மடங்கிக் கிடக்கிற மாதிரி. ஒரு பக்கம் குழி. வைட்டமின் வந்து அதுல உட்காரும். மறுபக்கம் ரெண்டு விரல். ஒவ்வொரு விரலையும் ஒரு துத்தநாக அணுதான் மடங்கி நிக்கவைக்குது. அந்த விரல் டிஎன்ஏவைப் பிடிச்சாத்தான் குடல் கால்சியத்தை நல்லா உறிஞ்சும்."

"இவளுக்கு?" என்றாள் செல்வி.

"குழி நல்லா இருக்கு. வைட்டமின் வந்து உட்காருது. ஒரு விரல்ல ஒரே ஒரு மணி மாறியிருக்கு. பிடி கிடைக்கல. முடி வளரவும் அதே புரதம் வேணும்."

"அது எப்படி மாறும்?" என்று கேட்டான் மாரிச்செல்வம்.

"அந்தப் புரதத்தைச் செய்யற மரபணு எல்லார்கிட்டயும் ரெண்டு பிரதி இருக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பிரதி அப்படி மாறியிருக்கு. இன்னொண்ணு நல்லா இருக்கறதால உங்களுக்கு ஒண்ணும் தெரியல. இவளுக்கு ரெண்டுமே அதுவா வந்துடுச்சு. சொந்தத்துல கட்டினீங்களா?"

"மாமா மகன்," என்றாள் செல்வி.

"யார் குத்தமும் இல்ல. இனி குடலை நம்ப வேண்டாம். கால்சியத்தை நேரா ரத்தத்துல ஏத்துவோம். மாசக்கணக்குல ஆகும். கால் நிமிரும். முடி வராது."

வெளியே வந்ததும் மாரிச்செல்வம் இரண்டு சாயா வாங்கி வந்தான்.

"ரொம்பப் பேசிட்டேன் புள்ள."

"பேசத்தான் செஞ்சீங்க," என்றாள். சாயாவில் பாதியைக் குடித்தாள். பிறகு, "லாரி ஓனர் சேட்டன்கிட்ட சொல்லி ட்ரிப்பை மாத்துங்க. நான் ஒத்தையா ஆஸ்பத்திரியில கிடக்க முடியாது," என்றாள்.

அவன் மாற்றிக்கொண்டான். எட்டு மாதம் இருவரும் முறைவைத்துப் பிள்ளையோடு இருந்தார்கள். நாலாம் மாத எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஏழாம் மாதம் அஞ்சு கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள்.

ஏற்றுவது நின்று மாத்திரைக்கு மாறிய பிறகு, ஒரு சாயங்காலம் மூவரும் படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினார்கள். துறையில் கூட்டம். இடுப்பிலிருந்த அஞ்சு கையை உதறினாள்.

"இறக்கி விடும்மா."

செல்வி இறக்கிவிட்டாள். வளைவு இன்னும் கொஞ்சம் இருந்தது. பிள்ளை ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து, யாரையும் பிடிக்காமல், பலகைமேல் கரைக்கு நடந்தாள். பின்னால் வந்தவர்கள் அவசரப்படுத்தாமல் நின்றார்கள்.