துப்பினால் குடித்ததாகாது

…துப்பிவிட்டால் குடித்ததாகாது, அதில் என்ன சந்தேகம், பல் விளக்கிவிட்டுத் துப்புகிற நுரையை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா, மாட்டார்கள், வாய் வேறு வயிறு வேறு, வாசலில் நின்று விலாசம் விசாரித்துவிட்டுப் போகிறவனை யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை… இப்படி வக்கீலும் தானே நீதிபதியும் தானே என்று வாதாடிக்கொண்டு, ருசி பார்க்கும் அறைக்கு வெளியே உள்ள நடைவழியில் அவள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை பார்க்கிற வீகன் என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள், அவளுக்கு அது பழகிப்போயிற்று, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், அவற்றைத் தொடாமலே ஐஸ்கிரீம் செய்வதுதான் என் வேலை என்பாள். ஓட்ஸிலிருந்தும் முந்திரியிலிருந்தும் பால் எடுத்து, அசல் பால் ஐஸ்கிரீமிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றைச் செய்வது, அதற்காகத்தான் இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்திருக்கிறாள், இன்று அதற்குப் பரீட்சை, ஆனால் பரீட்சை வைக்க உட்கார வேண்டியவள் அவள் இல்லையே, பெற்றவளே பிள்ளைக்கு மார்க் போடுகிற வழக்கம் எங்காவது உண்டா? எல்லாம் அந்தச் சக்கரையால் வந்த வினை.

சக்கரை என்பது ருசி பார்க்கிற ஆறு பேரில் ஒருவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர், எதைக் கொடுத்தாலும் ஒரு சிட்டிகை சக்கரை குறைகிறது என்று உதட்டைப் பிதுக்குவான், அவன் இன்று பார்த்து ஜலதோஷம் பிடித்துச் சிவந்த மூக்கோடு வந்து நின்றான், மூக்கு அடைத்தவனுக்கு நாக்கு இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், இந்தத் தொழிலில் அது பாலபாடம். மேலாளர் கையைப் பிசைந்தார். ஆறு பேர் இல்லாமல் பரீட்சை செல்லாது, இன்று நடக்காவிட்டால் இவளுடைய ஐஸ்கிரீமுக்கென்று ஒதுக்கிய இயந்திரத்தைக் குச்சி ஐஸ் பிரிவுக்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள், அப்புறம் அடுத்த கோடைக்குத்தான்… “உன் நாக்கைவிட நல்ல நாக்கு இந்தக் கட்டடத்துலயே கிடையாதும்மா. முழுங்கவா சொல்றேன்? வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடப் போறே, எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?” என்றார், அவள் தலையாட்டிவிட்டாள், ஆட்டிய பிறகுதான் தலை கனத்தது. மூன்று கிண்ணம் வைப்பார்கள், இரண்டில் இருப்பது ஒன்றே, மூன்றாவதில் மட்டும் வேறு, எது அந்த வேறு என்று சொல்ல வேண்டும். ஆறு பேரில் இரண்டு பேர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடுவது உண்டு, அதைப் பொருட்படுத்த மாட்டார்கள், மூன்றாவது ஆளும் கண்டுபிடித்தால் போச்சு, இரண்டு வருஷமும் போச்சு, புதுப் பிரிவின் தலைமைப் பதவியும் போச்சு. பதவி கிடக்கட்டும், பதவி அம்மாவுக்குத்தான் வேண்டும், போன வாரம்கூடப் போனில் பிடித்துக்கொண்டாள், “உங்க அக்காவப் பாரு, வீடு கட்டி மாடியும் எடுத்துட்டா. நீ என்னடான்னா மாடு சும்மா பண்ற வேலைய சம்பளம் வாங்கிட்டுப் பண்றே. அதுவும் இன்னும் மாடு அளவுக்கு வரலேங்குறே!” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், போனை வைத்த பிறகு சுருக்கென்றது. அம்மாவுக்கு ஜெயிப்பது என்றால் மாடி. கம்பெனிக்கு ஜெயிப்பது என்றால் கண்ணாடி அறை. அவளுக்கு? முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, கரண்டியை நக்கிவிட்டு, இன்னொன்று குடுங்க என்று கேட்க வேண்டும், தான் எதையும் விட்டுக்கொடுத்ததாகவே அவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். எதையாவது விட்டவர்களின் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிற தியாகக் களை அவளுக்குப் பிடிக்காது, பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

காலையில் புருஷன் முகத்தில் அதுவா இருந்தது? இல்லை, அது வேறு. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், எத்தனை மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாலும் அசராதவன், பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே எதையோ தொலைத்தவன் மாதிரி நின்றான். கல்யாணமான புதிதில் அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகத்தான் பாலை விட்டான், நீ சாப்பிடாததை நான் மட்டும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடறதா என்றான், அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கதவைத் திறந்தபடியே, அவளைப் பார்க்காமலே கேட்டான், “உனக்கு எப்பவாவது தோணுமா? ஒரு வாய்… சும்மா ஒரே ஒரு வாய்…” அவள் சிரித்துக்கொண்டே, “சேச்சே, எனக்கு அதெல்லாம் மறந்தே போச்சுப்பா. நாக்குதானே, பழக்கினா பழகிடும். உனக்கும் மறந்துடும் பாரு” என்றாள். “அப்ப எனக்குத்தான் ஏதோ கோளாறு போல” என்று அவனும் சிரித்தான், பிரிட்ஜை மூடினான், கறுப்புக் காப்பியைக் கலந்துகொண்டு போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான். அந்தச் சிரிப்பு ஏன் இன்னும் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது? பொய் ஒன்றும் சொல்லவில்லையே, மறந்துதான் போயிற்று… பால் ருசி எப்படி இருக்கும் என்று இப்போது சொல் என்றால் சொல்லவா முடியும்? வெள்ளையாக இருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்படியானால் இந்த உள்ளங்கை ஏன் வேர்க்கிறது? பரீட்சை பயம், வேறென்ன. இன்றைக்கு வாயில் பால் வைக்கப் போகிறேன் என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னால் என்ன நினைப்பான், ஒன்றும் நினைக்க மாட்டான், துப்பிடப் போறே, அவ்வளவுதானே என்பான், அதைத்தானே தானும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், பிறகு எதற்குத் தயங்கினாள்?

அவள் விட்டது யாருக்காகவும் இல்லை. இதே கம்பெனிக்காக ஒருமுறை பால் சாம்பிள் எடுக்க ஒரு பண்ணைக்குப் போனாள், சுத்தமான பண்ணை, குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை, அடிக்கிற கை கிடையாது, அழுக்கு கிடையாது, ஒரு கறுப்புப் பசு மட்டும் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்தது, யாரைத் தேடுது என்று கேட்டதற்கு, கன்னுக்குட்டிய வேற கொட்டாய்க்கு மாத்திட்டோம், ரெண்டு நாள்ல மறந்துடும் மேடம் என்றான் அங்கிருந்த ஆள். அவள் போத்தலை மூடினாள், மறுநாளிலிருந்து பாலைத் தொடவில்லை. அழவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம், இதில் ஒரு இழப்பும் இல்லை, நிஜமாகவே இல்லை என்று சொன்னாள், கூட்டங்களில் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தபோதும் அதையே சொன்னாள், கைதட்டினார்கள், கைதட்டக் கைதட்ட அது இன்னும் உண்மையாகிவிட்டது. இப்போது ஐஸ்கிரீமாகவே செய்து காட்டப் போகிறாள், அப்புறம் யார் என்ன மறுத்துப் பேச முடியும்? “மேடம், கூண்டு ரெடி” என்று தட்டு எடுத்துவரும் அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள், பசு திரும்பின மாதிரி அவளும் சட்டென்று திரும்பினாள், தன்னை நினைத்துத் தனக்கே எரிச்சலாக வந்தது.

கூண்டு என்றால் கூண்டுதான், ஒரு ஆள் உட்காரலாம், இரண்டு பக்கமும் தடுப்பு, எதிரே ஒரு சிறு ஜன்னல் கதவு, மேலே சிவப்பு விளக்கு, நிறத்தைப் பார்த்து யாரும் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக்கிவிடுகிற விளக்கு. ஜன்னல் திறந்தது, தட்டு உள்ளே வந்தது, மூன்று கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், துப்புவதற்கு மூடி போட்ட காகிதக் குவளை, பதில் சொல்ல மேஜையிலேயே மூன்று பொத்தான்கள். பக்கத்துக் கூண்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இடது கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி… குளிர், குளிர் விலகினதும் இனிப்பு, அப்புறம் மெல்ல எழும்புகிற கொழுப்பு, கடைசியில் அடிநாக்கில் ஒரு துளி முந்திரி, மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், அந்தத் துளியைத் துரத்த எத்தனை நாள் மாவரைத்தாள், என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை, துப்பினாள், கொப்பளித்தாள். நடுவில் இருந்தது… இதுவும் என் பிள்ளைதான், அச்சு அசல் அதே, துப்பினாள், கொப்பளித்தாள். அப்படியானால் வலதுதான் பால், ருசி பார்க்கவே தேவையில்லை, இப்போதே பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போய்விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, மூன்றையும் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது, வேலை என்றால் வேலைதான் என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தாள், அந்தச் சமாதானம் இவ்வளவு அவசரமாக வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

குளிர், பிறகு குளிர் விலகியது, பிறகு… காகிதக் குவளையின் மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள், துப்புவதற்கு வாயில் ஒன்றும் இல்லை. எங்கே போயிற்று? நாக்கால் மேலண்ணத்தைத் தேடினாள், கன்னத்து ஓரங்களைத் தேடினாள், ஒன்றும் இல்லை, போய்விட்டது, தொண்டை அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இத்தனை வருஷத்துக் கொள்கையையும் மைக்கையும் கைதட்டலையும் ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தன்பாட்டுக்கு விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. வெட்கம் வரும் என்று காத்திருந்தாள், முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம், அப்பட்டமான சந்தோஷம், எவ்வளவு நாளாச்சு, எவ்வளவு நாளாச்சு என்று உடம்பு முழுக்க ஒரே பேச்சு, கண் கலங்கிவிட்டது. அதற்கு அப்புறம்தான் அந்தக் கறுப்புப் பசு வந்தது, வெட்கமும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தும் சந்தோஷத்தை முழுசாகத் துரத்த முடியவில்லை. சரி, இப்போது எதை அமுக்குவது? வலதை அமுக்கினால் அவள் ஐஸ்கிரீமுக்கு எதிராக அவளே ஓட்டுப் போட்ட மாதிரி, அதுவே மூன்றாவது ஓட்டாக இருந்துவிட்டால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி. இடதை அமுக்கலாம், வித்தியாசமே இல்லை என்றுதானே ஊருக்கெல்லாம் சொல்கிறாள், இங்கேயும் அதையே சொல்லிவிட்டுப் போவதில் என்ன? விரல் இடது பொத்தான்மேல் போய் உட்காரவும் செய்தது. ஆனால் நாக்கு அறிந்ததை மாற்றிச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, வாயால் எவ்வளவோ சொல்லியிருக்கலாம், இந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வலதை அமுக்கினாள். அமுக்கிவிட்டு, தொலைந்தது சனியன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள், பக்கத்துக் கூண்டில் செருமல் நின்றது.

கை கழுவிக்கொண்டு வருவதற்குள் நடைவழியில் மேலாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “நீ ஜெயிச்சுட்டேம்மா! ஆறு பேர்ல ஒரே ஒருத்தர்! கண்ண மூடிட்டு அமுக்கியிருந்தாலே ரெண்டு பேருக்குச் சரியா வந்திருக்கும், ஒரே ஒருத்தர்தான்னா பாத்துக்கோ!” மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள், கையைக் குலுக்கினார்கள், சக்கரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொஞ்சம் சக்கரை கூட்டியிருக்கலாம் என்றான், ருசி பார்க்காமலே சொல்றான் பாரு என்று எல்லாரும் சிரித்தார்கள். “நான் தெனமும் ரெண்டு வேளை பால் குடிக்கிறவ, எனக்கே தெரியலன்னா பாருங்களேன்” என்று ஒருத்தி வியந்தாள், எனக்கும் எனக்கும் என்று மற்றவர்கள் அவசர அவசரமாகக் கையைத் தூக்கினார்கள். “அந்த ஒருத்தர் யாரா இருந்தாலும் குருட்டு அதிர்ஷ்டம்” என்று மேலாளர் கண்ணடித்தார், அவளும் சேர்ந்து சிரித்தாள், வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றைச் செய்துவிட்டாள், தினமும் குடிக்கிறவர்கள் எல்லாரும் ஏமாந்துபோனார்கள், குடிக்காதவள் ஒருத்தி மட்டும் ஏமாறவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும், இருக்கிறபோது எதற்கு அதைக் கவனிக்க வேண்டும், இல்லாதவள்தானே ஒவ்வொரு நாளும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்… மறக்கவே இல்லை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. இழப்பு இருந்தது. இருந்தும் அந்தப் பசுவை நினைத்தால் நாளைக்கும் தொட மாட்டாள், அதுவும் நிச்சயமாகத் தெரிந்தது, இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்பதுதான் விளங்கவில்லை.

போன் அடித்தது, அவன்தான், பின்னால் ஏதோ லிஃப்ட் கதவு டங் டங்கென்று மோதிக்கொண்டிருந்தது. “என்ன ஆச்சு?” “பாஸாயிடுச்சுப்பா.” ஓ என்று கத்தினான், கூட வேலை செய்கிற யாரிடமோ, என் வொய்ஃப் ஜெயிச்சுட்டா என்று சொல்வது கேட்டது, மறுபடி போனுக்கு வந்தான், “நீ சொன்னதுதான் சரி, வித்தியாசமே கிடையாது, எல்லாம் மனசுதான். நான்தான் காலைல லூசு மாதிரி என்னமோ கேட்டுட்டு இருந்தேன், மனசுல வச்சுக்காத” என்றான். இப்போதுகூட அவன் மன்னிப்பல்லவா கேட்கிறான்… இத்தனை காலமும் ஒரே வீட்டில், ஒரே பிரிட்ஜின் முன்னால், அவனைத் தனியாக நிற்கவிட்டிருக்கிறாள், அவனும் தனக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். மேலாளர் உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார், அவள் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒரு ஆளுக்கு மட்டும் வித்தியாசம் தெரிஞ்சுதுப்பா” என்றாள். லிஃப்ட் கதவின் சத்தம் நின்றது. “யாருக்கு?” என்று கேட்டான், சாதாரணமாகத்தான் கேட்டான். ஒரே ஒரு சொல், அதைச் சொல்ல வாய் வரவில்லை, பாலை விட்ட அன்றுகூட அவள் இவ்வளவு சிரமப்பட்டதாக நினைவில்லை.