மன்னார் நேரம் எட்டரை

வில்ஹெல்ம்ஸ்பேர்க்கில் என் மகன் எடுத்த வீட்டின் பல்கணியில் எனக்கென்று தனியாக ஒரு மழை பெய்தது. ஹம்பேர்க் முழுவதற்கும் பெய்து ஓய்ந்த பிறகு, விடிய ஐந்து மணிக்கு, ஒரு கோப்பை அளவு, நேராக என் தலையில். முதல் நாள் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இந்த ஊர்க் காற்றும் மழையும் செய்யாத சேட்டை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு தை மாதம், பஸ்ஸுக்கு நின்ற என்னைக் காற்றுத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தரிப்பில் இறக்கிவிட்டது. அங்கே நின்ற பரிசோதகர் அந்த ஒரு தரிப்புத் தூரத்துக்கு ரிக்கற் கேட்டார். காட்டினேன். மாதச் சீட்டு வைத்திருந்தேன்.

மூன்றாம் நாளும் அந்த மழை என் சுருட்டை நூர்த்தபோதுதான் படியேறி மேல்வீட்டுக்குப் போனேன். என் மருமகள் வீட்டுக்குள் சுருட்டுப் பிடிக்க விடமாட்டாள். அந்தப் பல்கணிதான் எனக்கிருந்த ஒரே அகதி முகாம். விடியப்புறம் கதவு தட்டினால் எங்கள் சனம் பொலிஸ் என்று பயந்துவிடும் என்பதால் விரல் நுனியால் தட்டினேன்.

திறந்தவளுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். பெயர் பேர்பெச்சுவா. மன்னார்ப் பிள்ளை. கணவன் வின்சன்ற் ஒரு ஹோட்டல் குசினிக்குப் பின்னேரம் போய்ச் சாமத்தில் திரும்புகிறவன். மகன் லக்ஸனும் மகள் பிறின்சியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த நேரம் அவர்கள் மூவரும் நித்திரை.

“தங்கச்சி, உங்கட மழை என்ர சுருட்டை நூத்துப்போட்டுது.”

“ஐயோ அண்ணை, குறை நினைக்காதேங்கோ. கீழ ஆள் இருக்குமெண்டு தெரியாது. அளந்தாப் பிறகு ஊத்தத்தானே வேணும்.” பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, “ஏழு தசம் நாலு,” என்றாள்.

“என்னது ஏழு தசம் நாலு?”

“மில்லிமீற்றர். உங்கட தலையில விழுந்தது.”

பல்கணிக் கம்பியிலிருந்து ஒரு தும்புத்தடிப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று கட்டியிருந்தது. அதுதான் மழைமானி. குசினிச் சுவரில் மணிக்கூடு எட்டு நாற்பது காட்டியது. அதில் புதினம் இல்லை. எங்கள் வீடுகளில் அப்போது இரண்டு மணிக்கூடு இருந்தது. ஒன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப. அது ஜெர்மன் நேரம். மற்றது ஊருக்கு ரெலிபோன் எடுக்க. அது ஊர் நேரம். அவள் குசினியில் ஊர் நேரம் ஓடியது.

அன்றிலிருந்து, ஊற்றுவதற்கு முன் மேலிருந்து “அண்ணை, தலை!” என்று ஒரு குரல் வரும். நான் சுருட்டோடு ஒதுங்குவேன். இரண்டு வருடம் அப்படித்தான் பழகினோம்.

பேர்பெச்சுவா மன்னாரில் வானிலை அவதானியாகப் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். காற்று, வெப்பம், முகில் எல்லாம் நாளுக்குப் பல தடவை பார்க்க வேண்டும். மழையை மட்டும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். மன்னாரில் கழுதைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும். ஒருநாள் ஒரு கழுதை மானிக்குள் நாக்கை விட்டுவிட்டது. அன்றைய பதிவில் அவள் ‘2.4 மி.மீ., கழுதை குடித்தது நீங்கலாக’ என்று எழுதினாள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கழுதையைத் தேடிப் பிடித்து, இன்னொரு தடவை குடிக்கவைத்து, அளந்து அனுப்பினாள். ஒரு சூறாவளிக்கு, ‘காற்றுமானி பறந்துவிட்டது. அவதானி பறக்கவில்லை’ என்று எழுதினாள். இதெல்லாம் அவள் பெருமையாகச் சொன்னவையல்ல. நான் கேட்டுக் கேட்டு எடுத்தவை.

வின்சன்ற் எண்பத்தாறில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். எண்பத்தெட்டில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இவள் வந்தாள். வேலையை விடும் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் ‘குடும்பம்’ என்று ஒரே சொல் எழுதினாளாம். இங்கே வந்த பிறகு எழுதிய ஒவ்வொரு அன்ராக் விண்ணப்பத்திலும் தொழில் என்ற கோட்டில் ‘ஹவுஸ்பிறவ்’, இல்லத்தரசி. அதுவும் ஒரு சொல்தான்.

அவளுடைய பகல் எப்படி என்று எனக்குத் தெரியும். இடையில் ஒரு தட்டு சீமெந்துதானே. எட்டு மணிக்குப் பிள்ளைகள் போய்விடும். வின்சன்ற் மதியம் வரை நித்திரை என்பதால் அவள் காலூன்றாமல் நடப்பாள். அந்த வீடு அவ்வளவு அமைதி. மேலே அவள் பானையில் அரிசி வெந்து முடிவது எனக்குக் கேட்கும். அதை வைத்துத்தான் நான் என் பானையை இறக்குவேன். பின்னேரம் பிள்ளைகள் வந்து தங்களுக்குள் ஜெர்மன் கதைக்கும். ஒருநாள் முழுக்கத் தான் எத்தனை சொல் பேசினேன் என்று எண்ணிப் பார்த்தாளாம். பத்தொன்பது. அதில் ஆறு ‘சாப்பிடு’.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சித்திரையில் பிறின்சியின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ‘என் பெற்றோர்’ என்று தலைப்பு. அப்பா ஹோட்டலில் சமைக்கிறார், என்று நாலு வரி. அம்மாவுக்கு ஒரு வரி. அம்மா ஒன்றும் செய்வதில்லை. கீழே ஆசிரியை சிவப்பு மையால் ‘மிக நன்று’ என்று போட்டிருந்தார்.

“ஒரு பிழையும் இல்லை அண்ணை,” என்றாள் பேர்பெச்சுவா. “நானும் பாத்தனான்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவள் கையில் ஒரு தாள் இருந்தது. கத்தோலிக்கக் கோயில் மண்டபப் பலகையில் ஒட்டியிருந்ததாம். மழை அளக்கும் கழகம் ஒன்று வில்ஹெல்ம்ஸ்பேர்க்குக்கு ஒரு அவதானியைத் தேடுகிறது. மானியைக் கோயில் வளவில் நடுவார்கள். சம்பளம் இல்லை. அந்தத் தாளை அவள் பிடித்திருந்த பிடியில், சம்பளம் இருந்திருந்தால்கூட இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

வின்சன்ற் சிரித்தான். “சம்பளமில்லாத வேலைக்கு ரெர்மின் எடுத்து, நேரம் குறிச்சுப் போறதோ? ஹம்பேர்க்கில மழை பெய்யுது எண்டு குருடனுக்கும் தெரியும்.”

“தெரியும். எவ்வளவு எண்டு தெரியாது.”

“சரி, சரி.” என்னைக் காட்டினான். “முருகேசண்ணையையும் கூட்டிக்கொண்டு போ. ரண்டு பேரில ஒராளையெண்டாலும் எடுப்பாங்கள்.”

கழகத்தின் அன்ராக்கில் மற்றக் கேள்விகளை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டாள். தொழில் என்ற கோட்டில்தான் மூன்று நாள் நின்றாள். பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள். கடைசியில் அந்த இடத்தில் தாள் தேய்ந்து, மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அப்படியே கொண்டுபோனாள்.

வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை. எஸ்-பான் ரயில் எடுத்துப் போனோம். மொழிபெயர்க்க என்று போன நான் மொழிபெயர்த்தது ஒன்றே ஒன்று: எனக்குக் கோப்பி வேண்டாம் என்பது. அவள் ஜெர்மன் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கழகத்தின் பெரியவர் ஹெர் லோரன்சன். கம்பளிச் சட்டை, கையெல்லாம் மை. அவர் முன்னால் அவள் பல்கணி மழையை நாள்தோறும் அளந்து எழுதிய ஏழு வருடத்து ஏழு கொப்பிகளையும் அடுக்கினாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் வாசித்த மழையில் எனக்குத் தடிமன் பிடித்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லையே என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு போன வருடக் கொப்பியில் ஓரிடத்தில் விரல் நின்றது. எழுந்துபோய்த் தன் பதிவேட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“போன ஆவணி மூன்றாம் திகதி காலை ஆறரைக்கு வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. என் நிலவறையில் முழங்காலளவு தண்ணீர். எல்லா அவதானிகளும் அன்று காலையே அதை அளந்திருக்கிறார்கள். நீங்களும் எட்டரைக்கு அளந்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மழை உங்கள் கொப்பிக்கு மறுநாள்தான் வந்திருக்கிறது. எப்படி?”

அவள் தன் கையெழுத்தையே பார்த்தாள். ஏழு கொப்பியிலும் பக்கத்துக்குப் பக்கம் மேலே ‘08.30’ என்று இருந்தது. பழகிய கை தானாக எழுதியது. எந்த ஊர் எட்டரை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

“மன்னார் எட்டரை,” என்றாள். “இங்கே அப்போது ஐந்து மணி. மாரியில் நாலு.”

ஏன் என்று அவர் கேட்டார்.

அவள் விட்ட வேலைக்கு வந்தவரும் தொண்ணூறில் இடம்பெயர்ந்து போய்விட்டார் என்று அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த மானியை யாரும் பார்ப்பதில்லை. “அந்த நேரத்துக்கு, எங்கேயாவது, ஒரு ஆள் மானிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்போல இருந்தது,” என்றாள். அந்தக் கடிதத்துக்கு முன்பும் அந்த நேரத்துக்கே அளந்திருக்கிறாய் பிள்ளை என்பது என் வாய்வரை வந்து நின்றது.

லோரன்சன் கொப்பிகளை ஒவ்வொன்றாக மூடினார். “இவற்றை எங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. மன்னிக்க வேண்டும்.”

ஏழு வருட ஹம்பேர்க் மழையை அவள் மன்னார் நேரத்துக்கு அளந்து வைத்திருந்தாள். இரண்டு ஊருக்கும் அது உதவாது. மனிதர் நல்லவர். ஆறுதல் சொல்லப் பார்த்தார். “எங்கள் அவதானிகள் ஏழரைக்கு அளப்பார்கள். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் மாற்றும்போது அது எட்டரை ஆகிவிடும். பாருங்கள், கோடையில் உங்களுக்கும் எட்டரைதான்!”

“அது வேறு எட்டரை,” என்றாள்.

அன்ராக்கை எடுத்தார். முன் வேலைக்குச் சான்றிதழ் உண்டா? மன்னாரில் விட்டு வந்த அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி இருக்கிறதோ தெரியாது. பேனா அந்தத் தேய்ந்த கோட்டுக்கு வந்தது. “அப்படியானால், ஹவுஸ்பிறவ் என்று போடட்டுமா?”

அவள் எழுந்து யன்னலுக்குப் போய்விட்டாள். முகத்தைக் காட்ட விருப்பமில்லை என்று நினைக்கிறேன். லோரன்சனுக்குச் சங்கடம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “இன்று முகில் கொஞ்சம் கூட,” என்றார்.

“ஐந்து,” என்றாள், திரும்பாமல்.

இந்தத் தொழிலில் வானத்தை எட்டாகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை முகில் மூடியிருக்கிறது என்று சொல்வார்களாம்.

லோரன்சன் எழுந்து வந்தார். “ஆறு.”

“ஐந்து. அந்த மூலையில் நிற்பது முகில் இல்லை. ஆலைப் புகை.”

“முகில்தான். நான் முப்பது வருடமாக அந்த மூலையைப் பார்க்கிறேன்.”

“முப்பது வருடமாகப் பிழையாகப் பார்த்திருக்கிறீர்கள்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். யன்னலைத் திறந்தார். பக்கத்து அறையிலிருந்து இருவரைக் கூப்பிட்டார். அவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நாற்பது நிமிடம் நடந்தது. அதற்குள் வானம் முழுதாகத் தெளிந்து, மறுபடி மூடி, இன்னொரு தடவை தெளிந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் லோரன்சன் ஆறிலிருந்து ஐந்தரைக்கு இறங்கி வந்தார். அரை என்று ஒன்று கிடையாது என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று பத்தொன்பது சொல் அல்ல, ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

அவர் போய்க் கதிரையில் இருந்தார். தாள் கிழிந்துவிடாதபடி, மெல்ல, அந்தக் கோட்டில் ‘வானிலை அவதானி’ என்று ஜெர்மன் மொழியில் எழுதினார். “ஒரு நிபந்தனை,” என்றார். “ஒரு அவதானிக்கு ஒரு மணிக்கூடு.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கதிரையில் ஏறிக் குசினி மணிக்கூட்டைக் கழற்றினாள். மூன்றரை மணித்தியாலம் பின்னால் விட வேண்டும். முள் பின்னால் போகாத வகை. எட்டரை மணித்தியாலம் முன்னால் சுற்றினாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வின்சன்றுக்கு அன்று லீவு நாள். பழக்க தோசத்தில் அந்த மணிக்கூட்டைப் பார்த்து, ஊரில் ஒன்பது மணிதானே என்று கொழும்பு லொட்ஜில் இருந்த தமையனுக்கு ரெலிபோன் அடித்தான். அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. இந்த நேரத்து ரெலிபோன் என்றால் செத்த வீடுதான் என்று லொட்ஜ் முழுவதும் எழும்பிக் குளறத் தொடங்கியது. வின்சன்ற் போட்ட சத்தம் கீழே எனக்குக் கேட்டது.

“ஒருத்தரும் சாகேல்லை! பேர்பெச்சுவாவுக்கு வேலை கிடைச்சிருக்கு! ஓம், வேலை! அளக்கிற வேலை!”

ஆனி முதலாம் திகதி அவளுக்கு முதல் நாள். கோயில் வளவில் பளபளவென்று புது மானி. நானும் போனேன். வானம் வறண்டு கிடந்தது. அவள் சரியான நேரத்துக்குக் குனிந்து பார்த்து, கழகத் தாளில் 0.0 என்று எழுதினாள். பிறகு பையிலிருந்து தன்னுடைய எட்டாவது கொப்பியை எடுத்தாள்.

“அதையும் விடேல்லையே பிள்ளை?”

“விடுற எண்ணம் இல்லை அண்ணை. ஐஞ்சு மணிக்கு எழும்பி அதையும் பாப்பம் எண்டுதான் நினைச்சனான்.” கொப்பியைத் திறந்தாள். “இண்டைக்கு நித்திரையாப் போனன். ஏழு மணிக்குப் பிறின்சி வந்து தட்டினவள், அம்மா வேலைக்குப் போகேல்லையோ எண்டு.”

“அதுக்கென்ன? ராத்திரியும் மழையில்லை, விடியவும் மழையில்லை. அதிலயும் ஒரு பூச்சியத்தைப் போடன்.”

“ஏலாதண்ணை. பூச்சியம் எண்டால், ஆள் நிண்டு பாத்தது, மழை இல்லை எண்டு அர்த்தம். ஆள் நிக்கேல்லையெண்டால் வெறுங்கட்டம்தான் விடவேணும்.”

அந்தத் திகதிக்கு நேரே கட்டத்தை அப்படியே விட்டுக் கொப்பியை மூடினாள். கழகத் தாளில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தாள். அதோடு வேலை முடிந்தது. ஆனால் அவள் போகவில்லை. அடுத்த ஆள் வந்து கடமையைப் பொறுப்பெடுக்கும்வரை நிற்பவளைப்போல, மானிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. நான் இருந்தேன். ஆனால் எனக்கு வானிலை தெரியாது.