விலாவில் சுட்ட சூடு

அக்காளை நோக்கி ஓங்கிய இறைச்சிக் கத்திக்குக் குறுக்கே விழுந்தவன் அவள் தம்பி, கடைசல் பட்டறைக்காரன். கத்தி அவனது இடது கழுத்தடியில் இறங்கியது. உயிர் பிழைத்தான், கைக்குப் போகும் நரம்புகள் அறுந்து இடது கை மட்டும் செத்துத் தொங்கியது. வெட்டிய அக்காள் புருஷன் சிறைக்குப் போனான்.

டாக்டர் மூச்சிழுக்க உதவும் விலா நரம்புகளை எடுத்துக் கை நரம்போடு இணைத்தார்.

"மூச்சை நல்லா இழுத்தா கை மடங்கும். உணர்ச்சி வர நாளாகும். வந்தாலும் எசகுபிசகாத்தான் வரும்."

ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு கை முழுக்க நெருப்பு. வலி தாளாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். ஒருநாள் பட்டறையில் சூடான இரும்புச் சுருள் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. சுட்டதோ விலாவில். சட்டையை உதறு உதறென்று உதறினான். தோல் பொசுங்கி நாறிய பிறகுதான் சங்கதி புரிந்தது.

"கையைத் தொட்டா விலாவுல தெரியுதுக்கா."

"அப்போ உனக்குக் கிச்சுகிச்சு மூட்டணும்னா கையைக் குடுன்னு கேட்டாப் போதும்," என்றாள் அக்காள். வெகு நாளைக்கப்புறம் சிரித்தாள்.

விடுதலையான புருஷன் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தான். அக்காள் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

"வாடி வீட்டுக்கு."

"வரமாட்டேன்."

முடியைப் பிடித்து அவள் முகத்தை இயந்திரத்தில் மோதினான். பல் தெறித்தது. மறு கை இடுப்பிலிருந்த கத்தியை உருவியது. தம்பி பின்னாலிருந்து பாய்ந்தான். வலது கையால் இடது கையைத் தூக்கி அவன் கழுத்தில் மாட்டி, கத்தி பிடித்த மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு, மூச்சை இழுத்தான். முழங்கை மடங்கி இறுகியது. புருஷன் அந்தக் கையைக் கடித்துக் குதறினான். பல் பதிந்ததெல்லாம் விலாவில். வலியில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. வாங்க வாங்கக் கை இறுகியது. புருஷன் முகம் கறுத்தது, கத்தி நழுவியது.

"விட்டுடுடா, செத்துடப் போறான்!"

"முடியலக்கா!"

அக்காள் ரத்தக் கையால் தம்பியின் வாயையும் மூக்கையும் பொத்தினாள். "மூச்சை அடக்குடா!"

கை தளர்ந்தது. புருஷன் பொத்தென்று விழுந்து, இருமினான்.

கத்தியையும் அவனையும் போலீஸ் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் விசாரித்தார்.

"கை தானா இறுகிடுச்சுன்னு உங்க அக்கா சொல்றாங்களே?"

தம்பி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். வீங்கிய உதட்டோடு அக்காள் 'ஆமாம்னு சொல்லு' என்று கண்ணைக் காட்டினாள்.

"மொதல்ல நான்தான் சார் இறுக்கினேன்," என்றான். "அப்புறந்தான் கை."