சூளைக் கணினியில் சி ப்ளஸ் ப்ளஸ்

சூளையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது துபாயிலிருந்து போன் வந்தது. மஹிராவுக்கு விசா கிடைத்துவிட்டதாம். கணவர் சஹீரின் குரல் சின்னப் பிள்ளையாகத் துள்ளியது. அவரைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. மஹிராவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாருங்கள், கண் மட்டும் கணினித் திரையை விட்டு நகரவில்லை.

மாமனார் அப்துல் மாலிக்கின் பீங்கான் கம்பெனியில் சூளையைக் கண்காணிப்பது அந்தக் கணினிதான். சூட்டை அளக்கும் கருவியை கணினியின் இயங்குதளமான லினக்ஸோடு பேசவைக்கிற சின்ன நிரல், அதாவது மாட்யூல், மஹிரா எழுதியது. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் நுழைவதெல்லாம் பழைய சி மொழியில் இருப்பதுதான் வழக்கம். இவளுக்கோ அதைவிடப் புதிய சி ப்ளஸ் ப்ளஸ்தான் உயிர். கெர்னலையே அங்கங்கே ஒட்டுப்போட்டு, அடம்பிடித்து உள்ளே நுழைத்துவிட்டாள். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடி ஒட்டுப்போட வேண்டும். அந்தத் தலைவலியை ஆசையாகவே சுமந்தாள். ஒருமுறை அந்த ஒட்டைக் கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கும் அனுப்பினாள். எந்த ஊர்ப் புண்ணியவானோ ஒரே வரியில் கேட்டான்: நீ போய்விட்டால் இதை யார் பார்ப்பது? அன்று முழுக்கப் பொருமித் தீர்த்தாள்.

இப்போது அந்தக் கேள்வி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. சூளைக் கணினி இனி கம்பெனியில் வேலைபார்க்கும் பூங்கோதையின் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் சி மட்டும் படித்தவள்.

"நீங்க எழுதுனதத் தொடவே பயமா இருக்குதுக்கா. நடுவுல நின்னுபோச்சுன்னா சூளைக்குள்ள இருக்குற லோடு மொத்தமும் வீணாயிடும்க்கா."

மாலிக் சமாதானம் சொன்னார். "அது பாட்டுக்கு ஓடட்டும்மா. எதுனா ஆச்சுன்னா துபாய்க்குப் போன் போட்டுக்கலாம்."

அப்படியே விட்டுப்போகத்தான் மஹிராவுக்கும் ஆசை. ஆனால் சூளை எரிகிற நேரத்தில் போனில் எதைச் சரிசெய்வது? கிளம்புவதற்கு முன்பு மாட்யூலைச் சியில் திருப்பி எழுத உட்கார்ந்தாள். பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பூங்கோதை பக்கத்திலிருந்து வரிவரியாகக் கேட்டாள். கடைசியில் பூங்கோதையே அதைத் தொகுத்து, அவளே கணினியில் ஏற்றினாள்.

அடுத்த லோடு எரியத் தொடங்கியதும் மாலிக் வந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டியாமே?"

"ஆமாங்க மாமா. ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதுங்களா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். "ஒண்ணும் தெரியலியேம்மா."

மஹிராவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வித்தியாசம் தெரியாதபடி எழுதியவளே அவள்தானே, யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

திரையில் எண்கள் ஏறின. பழக்கத்தில் அவள் கை கீபோர்டைத் தேடி மேசையில் துழாவியது. அது பூங்கோதையின் மடியில் இருந்தது.