மூலை திரும்பும் குழி

1

2009 ஒக்டோபர் 14, புதன்கிழமை. லண்டன், அப்பர் டூட்டிங் ரோட்டிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில், ஒரு பெண் தட்டோரக் குழம்பில் விரலால் 'ட' என்று கீறிக் காட்டினாள்.

பக்கத்து மேசையில் நான் இருந்தேன். எதிரே இருந்தவரிடம் பதுங்குகுழி பற்றி அவள் சொன்ன ஒரு வசனமும் காதில் விழுந்தது: "பங்கரை இப்பிடித்தான் வெட்டுவம்."* இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கற்பனை.

2

வானத்தில் ஒரு கண் மிதந்துகொண்டிருந்த

(அடித்துவிட்டேன். ஆளில்லா விமானம் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தக் கண்ணில்தான் தொடங்குகிறார்கள். போதும்.)

அவளுக்குக் கௌசி என்று பெயர் வைக்கிறேன். வன்னியில் பிறந்தவள், லண்டனில் கணினி படித்தவள். அவள் அக்கா, போர் முடிந்த கடந்த மே மாதம் வரை அங்கே அப்படியொரு பங்கரில் இருந்தாள். (அக்காவுக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அதைக் கற்பனை செய்ய நான் தயாராக இல்லை.)

எதிரே இருப்பவர் நரசிம்மன், சென்னைக்காரர், அவளுடைய மேலாளர். ஆளில்லா விமானம் எடுக்கும் படங்களில் எது வீடு, எது மாடு, எது படை என்று தானாகப் பிரித்தறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை அவர்களுடைய சிறிய நிறுவனம் எழுதுகிறது. வாங்க வருவது, வளர்ந்துவரும் ஒரு வல்லரசு.

எந்த நாடு? சொல்ல மாட்டேன். முதல் வரைவை வாசித்த நண்பர் எட்வேட் ஒரு நாட்டைச் சொன்னார். அவர் மனைவி பியற்றிஸ் அதன் பகை நாட்டைச் சொன்னார். பிறகு இருவரும் கதையை மறந்து சண்டை பிடித்தார்கள். பெயர் கிடைத்ததும் வாசகர் தம் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். குழிக்குள் இருப்பவர் அங்கேயே இருக்கிறார்.

3

சோதனைப் படங்கள் அந்த நாட்டின் எல்லையிலுள்ள ஒரு மலைக் கிராமத்தில் எடுத்தவை. வீடுகளுக்குப் பக்கத்தில் 'ட' வடிவக் குழிகள். மென்பொருள் அவற்றை எதிரிப் படை என்று சிவப்பில் காட்டுகிறது.

"அது சனம் இருக்கிற பங்கர், அண்ணை. பக்கத்திலை அடுப்பு கிடக்கு, கொடியிலை உடுப்புக் காயுது. வண்டு சுத்தினா பிள்ளையளை இழுத்துக்கொண்டு இதுக்குள்ளைதான் விழுவம்."

"வண்டா?"

"உங்கடை ட்ரோனுக்கு எங்கடை சனம் வைச்ச பேர்."

"சரிம்மா, அப்போ நீயே மென்பொருளுக்குச் சொல்லிக் கொடு. குடும்பம்னு பச்சைல காட்டட்டும். துல்லியம் ஏறும், வாங்குறவங்களும் சந்தோஷப்படுவாங்க."

கௌசி கொத்துரொட்டியைக் கிளறினாள். சொல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள்மேல் குண்டு விழும். சொன்னால், அவள் உயிர் தப்பக் கற்ற பாடத்தால் அந்தச் சரக்கு விலைபோகும்.

"சொல்லித் தாறன். ஆனா பச்சைக்கு அடிக்கக்கூடாது எண்டு அவையிட்டை ஆர் சொல்லுறது?"

"அது நம்ம வேலை இல்லைம்மா. கொத்து ஆறுது, சாப்பிடு."

"உங்கடை வேலையும் இல்லை, என்ரை வேலையும் இல்லை. அப்ப வண்டின்ரை வேலையோ?"

4

முடிவுகள்.

அ) கௌசி மென்பொருளைக் கெடுத்துவிட்டு ஓடுகிறாள். (சினிமா.)

ஆ) கௌசி வேலையை விடுகிறாள். பங்கரையே பார்த்திராத ஒருவர் அவள் நாற்காலியில் வந்து உட்காருகிறார். சிவப்பு சிவப்பாகவே

முடிக்கவில்லை. இரண்டுமே எனக்கு வசதியானவை, அவளுக்கு அல்ல. நான் எத்தனை முறை எழுதினாலும் கௌசி திரும்பிப் போய் அந்தப் பிழையைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறாள். தடுத்து நிறுத்து என்கிறீர்கள். எந்தக் காரணம் சொல்லி? உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

[                    ]

5

நவம்பரில் செயல்விளக்கம் நடந்தது. மலைக் கிராமத்துக் குழிகள் எல்லாம் பச்சையில் தெரிந்தன. வாங்க வந்த அதிகாரி பாராட்டினார். தேவைப்படும்போது பச்சையை மறைத்துவைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் நரசிம்மன். ஒப்பந்தம் அன்றே கையெழுத்தானது.

* குழி ஒரு மூலை திரும்பினால், வாசலில் வெடிக்கும் செல்லின் (எறிகணையின்) துண்டுகள் அந்த மூலையோடு நின்றுவிடும். பிள்ளைகளை மறுபக்கத்தில் இருத்துவார்கள்.