படத்தில் இடது, ஆளுக்கு வலது

சலூன்காரருக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. கத்திரி நின்றாலும் வாய் நிற்காது. இருபத்தாறு வருஷமாக ஒரே கடை, ஒரே கண்ணாடி. உட்கார்ந்துகொண்டு ஒரு தலைகூட வெட்டியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "உட்கார வேண்டியது கஸ்டமர், நான் இல்ல" என்பார். அந்த மனுஷனைத்தான் மூன்று மாதமாக இடுப்புவலி ஆட்டிப் படைத்தது. இடது இடுப்பில் பிடித்து, பின்தொடை வழியாக முழங்கால்வரை இழுக்கும். நாளைக்குப் பதினைந்து தலை வெட்டியவர் நாலாவது தலைக்கே சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார்.

கடையை இரண்டாகப் பிரிக்கும் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவர் மனைவியின் போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட், அடையாள அட்டை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படம், எல்லாம் அவள் கைவேலை. வலி வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் வைத்தியக் கச்சேரி நடப்பது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் எண்ணெய் என்பார், ஒருத்தர் தரையில் படு என்பார். கடைசியில் ஒரு கான்ட்ராக்டர் வந்து, "நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். ஒரே மாசம். பாரு, எப்படி நிக்கிறேன்!" என்று நின்று காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ரேடியோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

ஸ்கேன் எடுத்துப் படம் கைக்கு வந்ததும் அதைக் கடை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு தெருவையே கூட்டிவிட்டார். அவள் ரிப்போர்ட்டை எடுத்து, புரியாத வார்த்தைகளைப் போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தாள்.

"நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல இருக்கிற டிஸ்க் வலது பக்கமா பிதுங்கி, நரம்பை லேசா தொடுதாம்" என்றாள்.

"வலதா? கண்ணைத் தொறந்து பாரு. பிதுக்கம் இடது பக்கம்தான் தெரியுது. எனக்கு வலிக்கிறதும் இடது. எவனோ தூக்கக் கலக்கத்துல டைப் அடிச்சிருக்கான்."

"படத்துல இடதுன்னா ஆளுக்கு வலதுங்க. போட்டோல மாதிரி. எதிர்ல நின்னு பார்க்கிற கணக்கு."

"நீ எனக்கு இடது வலது சொல்லித் தர்றியா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஆளைக் கண்ணாடியில பார்க்கிறவன் நான். இடது காது இடது பக்கம்தான் தெரியும். இருபத்தாறு வருஷத்துல ஒரு கிருதாவை மாத்தி எடுத்திருக்கேனா?"

"கண்ணாடி வேற, படம் வேற. இங்க பாருங்க, ஓரத்துல 'ஆர்'னு போட்டிருக்கு. வலதுன்னு அர்த்தம். அந்த எழுத்து இருக்கிற பக்கம்தான் பிதுக்கமும் இருக்கு."

"அது மெஷின் கம்பெனியோட பேரா இருக்கும்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிதுக்கம் வலது, வலி இடது. அப்படியானால் வலிக்குக் காரணம் இந்தப் பிதுக்கம்தானா? இல்லாத வியாதிக்கு முதுகைக் கிழித்துக்கொள்ளப் போகிறாரே என்று பயந்தாள். அவரோ அன்று சாயங்காலமே அட்டையில் 'கடை ஒரு மாதம் விடுமுறை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். ஒரு டாக்டர் முடியாது என்றால் பத்து டாக்டரைப் பார்ப்பேன், யாராவது ஒருத்தர் வெட்டாமலா போவார் என்று சபதம் வேறு. செய்யக்கூடிய ஆள்தான். பிடித்தால் பிடித்ததுதான்.

வியாழக்கிழமை முதுகெலும்பு டாக்டரிடம் அவளும் கூடப் போனாள். டாக்டர் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. ரேடியோ உட்காருவதற்கு முன்னாலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்.

"டாக்டர், நான் தயாராத்தான் வந்திருக்கேன். வெட்டி எடுத்துடுங்க."

"இருங்க, என்ன அவசரம்?" என்றார் டாக்டர். படுக்கவைத்து இரண்டு காலையும் மாறி மாறித் தூக்கினார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. பிறகு படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார்.

அவளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா? இந்தப் பிதுக்கம் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

ரேடியோ நின்றுபோனது. மின்சாரம் போனாலும் நிற்காத ரேடியோ அது.

"இந்தப் பிதுக்கம் தொல்லை கொடுக்கிறதா இருந்தா உங்களுக்கு வலது கால்ல வலிச்சிருக்கணும்" என்றார் டாக்டர். "உங்க வயசுல, ஒரு வலியும் இல்லாதவங்களை வரிசையா ஸ்கேன் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கும். முடி நரைக்கிற மாதிரி. படத்துல இருக்கிறதெல்லாம் வலி இல்ல. நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன், உங்க வீட்டம்மா முந்திக்கிட்டாங்க."

"அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா?" அவர் குரல் உடைந்தது. "என்னால நிக்க முடியல டாக்டர். நிக்க முடியலன்னா நான் யாரு?"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு பயத்தையா இந்த மனுஷன் வாயால் மூடி வைத்திருந்தார்!

"வலி நிஜம். எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். எப்படி நின்னு வேலை செய்வீங்க? இவங்களை உட்கார வச்சுக் காட்டுங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் சீப்பு இருப்பதுபோல் பாவனை செய்து அவர் அவள் வலது காதோரம் குனிந்தார். "அசையாதீங்க!" என்றார் டாக்டர். "அம்மா, மெதுவா எழுந்து வந்து ஒரு போட்டோ எடுங்க."

எடுத்ததைப் போனில் காட்டினாள். உடம்பு மொத்தமும் இடது காலில் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து, வலது கால் தரையில் பட்டும் படாமல் கிடந்தது.

"நானா இது?"

"பின்ன யாரு?" என்றாள் அவள். கடைக் கண்ணாடி மேசைக்கு மேலேதான் ஆரம்பிக்கும். இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் நெஞ்சுக்கு மேலே உள்ள தன்னைத்தான். தன் கால் நின்ற லட்சணத்தை அன்றுதான் பார்த்தார்.

இடது இடுப்பின் தசையும் மூட்டும் சலித்துப் போயிருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். முதல் சில நாளைக்கு மாத்திரை. பிறகு உடற்பயிற்சி, தினமும் நடை. படுத்தே கிடக்கக் கூடாது, கடையையும் மூட வேண்டாம், தலைகளைக் குறைத்தால் போதும். நாற்காலியை உயர்த்தி, இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும். நடுநடுவே சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து வெட்ட வேண்டும். ஆறு வாரத்தில் மறுபடி பார்க்கலாம். குறையாவிட்டால் ஊசி உண்டு. ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் கடைசி. "கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் நின்னாலோ, அடக்க முடியாம போனாலோ மட்டும் அன்னிக்கே ஓடி வந்துடணும்."

"ஸ்டூலா?" என்று அலறினார் ரேடியோ. வழி நெடுக அதே புலம்பல். ஆனால் வீட்டுக்கு வந்ததும் விடுமுறை அட்டையை இரண்டாகக் கிழித்தார். ஸ்டூலும் வந்து சேர்ந்தது.

மூன்றாவது வாரம் வலி ஒரு நாள் மறுபடி தலைதூக்கியது. கான்ட்ராக்டரின் டாக்டர் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அவள் பாயை விரித்துப் போட்டாள். முறைத்துக்கொண்டே படுத்து, முனகிக்கொண்டே பத்து முறை இடுப்பைத் தூக்கி இறக்கினார். மறுநாளும் செய்தார். அதற்கு மறுநாள் அவளுக்கு முன்னாலேயே எழுந்து பாயை அவரே விரித்தார். தன் புருஷன் இவ்வளவு வைராக்கியக்காரர் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொண்டால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வார் என்று அடக்கிக்கொண்டாள்.

ஏழாவது வாரச் சனிக்கிழமை. சுவரைப் பிடிக்காமலேயே மதியத்துக்குள் பன்னிரண்டு தலை ஆகிவிட்டது. அவள் ஒரு பேங்க் குமாஸ்தாவைப் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரவைத்து, "வாயை மூடுங்க, சிரிக்கக் கூடாது, நேரா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள்:

"என்ன ரேடியோ, அந்தப் பிதுக்கத்தை எடுத்துட்டாங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு வலது பக்கம் இருக்கு. நான் பாட்டுக்கு நின்னு வெட்டிக்கிட்டிருக்கேன். என் சம்சாரம் இருக்காளே, படத்தைப் பார்த்த நிமிஷமே சொல்லிட்டா, இது இடது இல்ல, வலதுன்னு. டாக்டரே அசந்துட்டாங்க."

"உனக்குத் தெரியலையா?"

கத்திரியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு எங்கய்யா தெரியும்? நான் ஒரு மடையன், கண்ணாடின்னு நெனச்சுட்டேன். அவ சொன்னதுதான் சரி."

தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எனக்குத் தெரியாது என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அதுவும் கடை நிறைய ஆள் இருக்கும்போது! காமிராவுக்குப் பின்னால் அவள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது, கண்ணிலும் நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்த குமாஸ்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்போர்ட் படத்தை மூன்று தடவை எடுக்க வேண்டியதாயிற்று.