பெரிய டீச்சரின் நேர்முடி

ருய்மெய்யின் தலையில் முப்பத்தைந்து வருடங்களாக ஒரு சுருள்கூட விழுந்ததில்லை. மியாவ்லி மலையடியில் அந்த ஊரில் அப்படி வேறொரு பெண் கிடையாது.

எல்லாம் பள்ளிக்கூடத்து விதியால் வந்தது. யே ஃபூவின் முடிதிருத்தும் கடைப் பின்னறையில் நாலு மாணவிகளோடு தொடங்கியபோது, காலையில் ஊர் மறந்துவந்த தாய்மொழி ஹக்கா, மதியம் முடியலங்காரம். பழகிப் பார்க்கப் பொம்மைத் தலைக்கு வழியில்லை. வாசலுக்குள் அரசாங்க மொழியான மாண்டரின் பேசுகிறவர், மாணவிகள் சுருட்டிப் பழகத் தன் தலையைக் கொடுக்க வேண்டும் என்று ருய்மெய்தான் விதித்தாள்.

பயப்படுவார்கள் என்று நினைத்தாள். ஊர்ப் பெண்களோ புத்தாண்டு நெருங்கினால் வரிசையில் நின்று, வேண்டுமென்றே மாண்டரினில் வணக்கம் சொல்லி, ஓசியில் சுருட்டிக்கொண்டு போனார்கள். காத்திருந்த நேரத்தில் ஹக்காவும் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் நானூறு பேரானார்கள். தையலும் சமையலும் சேர்ந்தன. பின்னறை இருமாடிக் கட்டடமாயிற்று. சுருள்தலைகளால் காய்கறிச் சந்தையே செம்மறியாட்டு மந்தை மாதிரி ஆகிப்போனது.

மாண்டரினுக்குத் தவறாத ருய்மெய்யின் நாக்கை ஊரே மெச்சியது. அவளுக்கல்லவா தெரியும்! மாடிப்படிகளை மனசு மாண்டரினில்தான் எண்ணியது. கோபமும் அதில்தான் வந்தது. அதனால் கோபம் வரும்போதெல்லாம் வாயைப் பூட்டிக்கொண்டாள். நேர்முடி அந்தப் பூட்டின் கூலி. அதை இழந்தால் தான் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

இன்று மூன்றாம் மாடிக்கு அனுமதி தருவதா என்று பார்க்க அதிகாரி லூ வகுப்பறைக்கே வந்திருந்தார். ஹக்கா அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. மொழிபெயர்க்க மாணவி ஜின் நின்றாள். இந்த வாரமே மூன்று முறை சுருட்டப்பட்ட தலை, இனி இழக்க ஒன்றுமில்லை.

"மூணாவது மாடி எதுக்குன்னு கேக்குறார், பெரிய டீச்சர்."

"நானூறு தலை காய எடம் வேணாமாடின்னு சொல்லு."

"அவங்க நேரா எங்கிட்டப் பேசக் கூடாதாம்மா?" என்றார் லூ.

"பேசலாம் சார். அப்புறம் இந்தக் கதிதான்," என்று ஜின் தன் தலையைக் காட்டினாள்.

லூ சிரிப்பை அடக்க, மேசையிலிருந்த கிண்ணத்தை எடுத்தார். பச்சையாக நுரைத்திருந்தது. நெடி மூக்கைத் துளைத்தது. மலைநாட்டுத் தேநீர் இப்படித்தான் போலும் என்று மரியாதையாக உதட்டருகே கொண்டுபோனார்.

அது முடி சுருட்டும் மருந்து.

"குடிக்காதீங்க!" என்று ருய்மெய் அலறினாள், சுத்த மாண்டரினில். "எந்தக் கழுதை இதத் தேநீர்க் கிண்ணத்துல ஊத்துனது? முப்பத்தஞ்சு வருஷமா சொல்றேன்... இல்ல, சொல்லவே இல்ல! இன்னிக்குச் சொல்றேன், கேட்டுக்கோங்க!"

வகுப்பே ருய்மெய்யின் நேர்முடியைப் பார்த்தது. எழுபத்தெட்டு வயது யே ஃபூ நாற்காலியைத் தட்டினார். "வா ருய்மெய். எத்தனை வருஷமாக் காத்திருக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். நெஞ்சு ஏனோ லேசாக இருந்தது.

"சாரும் உக்காரணும்," என்றாள் ஜின். "வந்ததுலேர்ந்து மாண்டரின்தான்."

லூவின் தலையில் பதினொரு முடி. இரண்டு சுருட்டுக் குழாயிலேயே வேலை முடிந்தது. அந்தக் கோலத்தில்தான் மூன்றாம் மாடிக்குக் கையெழுத்தும் போட்டார்.

"உங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், பெரிய டீச்சர்," என்றாள் ஜின்.

"ஆகட்டும்டி," என்றாள் ருய்மெய் மாண்டரினில். "கதவச் சாத்து. நான் இன்னும் திட்டி முடிக்கல."